மல்வேர்னில் ஒரு சமையலறைக் கதவு

1996 மே 18, சனிக்கிழமை. கொழும்பிலிருந்து லண்டன் வழியாக வந்த விமானம் ரொறன்ரோவில் இறங்கியபோது உள்ளூர் நேரம் மாலை நான்கு இருபது. வெளியே வந்ததும் காதைக் கடித்த குளிரை மே மாதக் குளிர் என்று நம்ப முடியவில்லை. தங்கை வசந்தியின் கணவர் சிவம், கைலாகு தந்த கையோடு என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

விமான நிலையத்திலிருந்து அவர்கள் வசிக்கும் மல்வேர்ன் ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீற்றர். அத்தனையும் 401 என்ற அகன்ற நெடுஞ்சாலையில். பாதி வழியில் சிவம் காரின் வானொலியை நிறுத்தினார்.

"அத்தான், ஒண்டு சொல்ல வேணும். குறை நினைக்காதேங்கோ. கோகுலனுக்கு முன்னால தமிழ் கதைக்க வேண்டாம்."

"ஏன், அவனுக்கு விளங்காதோ?"

"விளங்க விடேல்லை, அத்தான்."

கோகுலன் அவர்களுடைய ஒரே பிள்ளை. வயது எட்டு. மூன்று வயதாகியும் பேச்சு வராததால் வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டியபோது ஓட்டிசம், அதாவது மனவிறுக்கம், என்றார்களாம். பேச்சுப் பயிற்சி தந்த பெண்மணி, ஒரு மொழி போதும், இரண்டென்றால் பிள்ளை குழம்பிவிடும் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் ஆட்கள் இப்படியான புத்திமதியைப் பாதியாகச் செய்வதில்லை. மருந்தென்றால் கடைசிக் குளிசை வரை. அன்றோடு அந்த வீட்டில் பிள்ளையின் காதில் தமிழ் விழவில்லை.

வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகளில் ஒன்று. உள்ளே நுழைந்ததும் சமையலறைக்குத் தனியாகச் செய்து பொருத்திய ஒரு பலகைக் கதவு கண்ணில் பட்டது. கறி மணம் குளிர் அங்கிகளில் ஏறாமலிருக்க என்று நினைத்தேன். வசந்தி என்னைக் கண்டதும் வாயைத் திறந்தாள், மூடினாள், கையைப் பிடித்து அந்தக் கதவுக்குள் இழுத்துப்போய்ச் சாத்திவிட்டுத்தான், "அண்ணா!" என்று கட்டிப்பிடித்து அழுதாள். கதவு எதற்கென்று அப்போது விளங்கியது.

மே 20, திங்கள். பொது விடுமுறை. கோகுலனுக்கு பஸ் என்றால் உயிர். எந்த இலக்கம் எந்தத் தெருவால் போகும் என்பது அவனுக்கு மனப்பாடம். மாறி ஏறுவதற்குத் தரும் கடதாசிச் சீட்டுகளைச் சேர்த்து, தினமும் யன்னலோரம் நிலத்தில் வரிசையாக அடுக்குவான். ஒன்று இடம் மாறினாலும் பொறுக்க மாட்டான். அன்று அவனும் வசந்தியும் நானும் கென்னடி சுரங்க ரயில் நிலையம் வரை பஸ்ஸில் போய்வந்தோம். பெரியவர்களுக்கு ஆளுக்கு இரண்டு டொலர். எங்கள் காசில் எண்பது ரூபாய். அந்தக் காசுக்குக் கொழும்பில் என் வீடிருக்கும் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் பல நாள் போய்வரலாம்.

நான் நாற்பது வருடம் ஆங்கிலத்தில் கோப்பு எழுதியவன். ஆகவே கோகுலன் என்னிடம் பஸ்களைப் பற்றி விடாமல் சொல்லிக்கொண்டு வந்தான். மறு இருக்கையிலிருந்து வசந்தி எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்தாள். பாதி அவளுக்குப் பிடிபடவில்லை.

எதிரே இருந்த நம்மவர் ஒருவர், வயதான அம்மா, கோகுலனிடம் குனிந்தார். "மோனே, பேரென்ன?"

அவன் யன்னல் பக்கம் திரும்பினான்.

"தமிழ் தெரியாதாக்கும். இஞ்ச வந்த உடன உங்களுக்கெல்லாம் தமிழ் வெக்கமாப் போச்சுது, என்ன?"

"ஓம் அன்ரி," என்றாள் வசந்தி, அவனுக்குக் கேட்காதபடி தாழ்ந்த குரலில். "வெக்கம்தான்."

வீடு வந்து சமையலறைக் கதவைச் சாத்தியபிறகு கேட்டேன்: "அந்த மனிசிக்கு விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே?"

"எத்தினை பேருக்கு அண்ணா சொல்லுறது?" வெங்காயத்தை எடுத்தவள் வெட்டவில்லை. "எனக்கு இங்கிலிசில அவனை ஏசக்கூடத் தெரியாது. 'ஸ்ரொப்' எண்டுறன். அது பஸ்ஸுக்குச் சொல்லுற சொல்லு. கொஞ்சவும் தெரியாது. 'குட் போய்' எண்டா, பார்க்கில நாயளுக்கும் அதைத்தான் சொல்லுறாங்கள்." சிரித்தாள். "உங்களோட கதைக்கிற மாதிரி ஒருநாள் என்னோட கதைச்சானெண்டாப் போதும்."

ஜூன் 4, செவ்வாய். பாடசாலையில் பெற்றோர் சந்திப்பு. வசந்தி கேட்டதால் அவளோடும் சிவத்தோடும் நானும் போனேன். இந்த வருடம் வந்த புதிய ஆசிரியை. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண். கோகுலன் கணக்கில் நன்றாகச் செய்கிறான் என்றார் ஆசிரியை. பிறகு, வீட்டில் அவனோடு என்னென்ன கதைப்பீர்கள் என்று கேட்டார். வசந்தி தனக்குத் தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவை சீக்கிரம் முடிந்துவிட்டன.

ஆசிரியை, உங்களுக்கு எந்த மொழி இலகுவாக வருமோ அதில் பேசுங்கள், அதனால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை என்றார். மொழிபெயர்க்க வந்த பெண் அதைத் தமிழில் சொல்லுமுன் தயங்கினாள். எனக்கு முதலே விளங்கிவிட்டது. நான் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

சிவத்தின் குரல் உயர்ந்தது. "ஐஞ்சு வருஷத்துக்கு முதல் நிப்பாட்டச் சொன்னதும் உங்கட ஆக்கள்தானே? கேளுங்கோ பிள்ளை, கேட்டுச் சொல்லுங்கோ!"

அப்போது பலரும் அப்படித்தான் நினைத்தார்கள், வருந்துகிறேன் என்று பதில் வந்தது.

"நீங்கள் பேசாமலிருங்கோ," என்றாள் வசந்தி கணவரிடம். பிறகு அந்தப் பெண்ணிடம்: "தங்கச்சி, இனித் தொடங்கினா அவன் பிடிப்பானோ எண்டு கேளுங்கோ."

முயன்று பாருங்கள், உறுதி சொல்ல முடியாது என்றார் ஆசிரியை.

மாலை ஐந்து மணி. கோகுலன் யன்னலோரம் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். வசந்தி முகம் கழுவி, பொட்டைத் திருத்தி, அவனுக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். வாய் இரண்டு தடவை திறந்து மூடியது.

"கோகுலன், அம்மா ஒரு கதை சொல்லட்டே?"

அவன் நிமிர்ந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தான். தானாகக் கை பிடிக்கிற பிள்ளையல்ல அவன். வசந்தி மலர்ந்துபோய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவளை நடத்திக்கொண்டுபோய்ச் சமையலறைக்குள் விட்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, திரும்பி வந்து சீட்டுகளுக்கு முன்னால் இருந்தான்.

ஐந்து வருடம் அவன் பார்த்த ஒழுங்கு அது. அந்தப் பேச்சுக்கு இடம் அந்த அறை. தனக்குரிய இடம் கதவுக்கு வெளியே.

சிவம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான்தான் அத்தான் பூட்டினனான். பலகை வாங்கி, இழைச்சு…" என்றார்.

மறுநாள் அவர் கதவைக் கழற்றினார். கோகுலன் தலையைச் சுவரில் இடித்து அழுத அழுகையில் பக்கத்து வீட்டார் வந்து விசாரித்தார்கள். பொழுது படுமுன் கதவு பழைய இடத்துக்குப் போய்விட்டது.

ஜூன் 9, ஞாயிறு. புறப்படும் நாள். பெட்டி கட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கியபோது, சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து வசந்தியின் குரல் கேட்டது. வெளியே கேட்க வேண்டுமென்றே உரத்துப் பேசினாள். "இப்ப அம்மா வெங்காயம் வெட்டுறன், கோகுலன். கண் எரியுது. இனிக் கத்தரிக்காய் வெட்டப்போறன். உனக்குப் பிடிக்காது, தெரியும். அப்பாவுக்கு." கோகுலன் யன்னலோரம் இருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை, எழுந்து போகவுமில்லை.

கொழும்பில், இராணுவச் சோதனைச் சாவடி நெருங்கினால் பஸ்ஸில் எங்கள் தமிழ் தணிந்துபோகும். வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபிறகுதான் வாய் விட்டுப் பேசுவோம். கனடாவில் அந்தப் பயமெல்லாம் இல்லை, தெருவிலேயே சத்தம் போட்டுக் கதைக்கலாம் என்று வசந்தி முன்பு எழுதியிருந்தாள். அது உண்மைதான். தெருவில் யாரும் தடுக்கவில்லை. கடையிலும் பஸ்ஸிலும் காது நிறையத் தமிழ் கேட்டேன். இவள் வீட்டில் மட்டும் அது ஓர் அறைக்குள் கிடந்தது. கெடுதல் நினைத்து யாரும் அதை அங்கே அடைக்கவில்லை.

சிவம் வெளியே காரை இயக்கிவிட்டார். கோகுலனிடம் ஆங்கிலத்தில் விடைபெற்றேன். விமான நிலையத்துக்கு எந்த பஸ் பிடிக்க வேண்டுமென்று திருத்தமாகச் சொன்னான். பிறகு தங்கையிடம் சொல்லிக்கொள்ளச் சமையலறைக்குள் போனேன்.

அவன் எனக்குப் பின்னால் வந்து கதவைச் சாத்தினான்.