டைமிங் தப்பிய அம்பாசிடரில் திருத்தணி மலைக்கு

ஆவடியிலிருந்து திருத்தணிக்கு மின்சார ரயிலில் போய்விடலாம். உட்கார இடம் கிடைத்தால் அலுப்பே தெரியாது. இதை நான் எழுதுவது, ரயிலை விட்டுவிட்டு பழைய காரில் போக நினைப்பவர்களுக்காக. நானும் என் பேத்தியும் போனது கார்த்திகை மாதத்தில் ஒரு புதன்கிழமை. சாமி கும்பிடுவதும் இருந்தது. ஆனால் முக்கியமாக, வண்டி மலையேறுமா என்று பார்க்கத்தான் போனோம்.

வண்டி என் வீட்டுக்காரர் வாங்கிய வெள்ளை அம்பாசிடர். இப்போது என் பேத்தி ரேவதி அதைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டுகிறாள். மாப்பிள்ளை அழைப்பில் பூ சுற்றிய வண்டியை ஒரு குலுக்கல் இல்லாமல், மேளக்காரர்கள் நடக்கிற வேகத்துக்கு அவள் ஓட்டிப் போவதை நீங்கள் பார்க்கவேண்டும். பெண் பிள்ளை ஓட்டுவதா என்று முகம் சுளித்தவர்களே இப்போது தேதி கேட்டு வீட்டுக்கு வருகிறார்கள். நான் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் காக்கவும் வைப்பேன்.

ஆயுத பூஜைக்கு அப்புறம் வண்டி கெட்டுவிட்டது. இழுவை இல்லை. சீக்கிரம் சூடாகிறது. சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கிறது. ஒரு மாப்பிள்ளை பாதி ஊர்வலத்தில் இறங்கி மண்டபம்வரை நடந்தே போனார். என் மகன் சேகர், ரேவதியின் அப்பா, பழைய இரும்பு எடுக்கும் ஒருவரிடம் பேசி முடித்துவிட்டான். ரேவதி இரண்டு நாள் சாப்பிடாமல் சண்டை போட்டதில் ஒரு கெடு வைத்தான்.

"திருத்தணி மலைய ஏறி எறங்கிட்டா வண்டி இருக்கட்டும். கயித்துல கட்டி இழுத்துகினு வந்தீங்கன்னா, வெள்ளிக்கிழம அந்தாளு வந்து எடுத்துகினு போயிடுவாரு."

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். திருத்தணி சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர். திருவள்ளூர்வரை எப்படியோ வந்துவிட்டோம். அங்கே இட்லியும் காபியும் இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்று நாற்பது ரூபாய். சட்னி சுமார்தான். அதற்குப் பிறகு நாற்பதைத் தாண்டி வேகம் எடுக்கவில்லை, சூடு காட்டும் முள் மட்டும் ஏறிக்கொண்டே போனது. நிறுத்துவதும், ஆறவிடுவதும், தண்ணீர் ஊற்றுவதுமாகவே போனது காலை. திருவாலங்காட்டுக்குப் பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. டிரைவர் திரும்பிப் பார்த்துக் கை ஆட்டினான். ரேவதி ஆட்டவில்லை.

நிறுத்திய இடமெல்லாம் அவள் பானெட்டைத் திறந்து பார்த்தாள். நான் ஐந்தாவதுவரை படித்தவள், என்ஜின் தெரியாது. அவள் சொல்லிக் கேட்டதைச் சொல்கிறேன். என்ஜினுக்குள் பெட்ரோலில் பொறி விழுகிற நேரம்தான் டைமிங். முந்தி விழுந்தால் மேட்டில் உள்ளே தட்டுகிற சத்தம் வரும். பிந்தி விழுந்தால் இழுவை போய், சூடு ஏறும். எங்கள் வண்டி செய்தது எல்லாமே பிந்தி விழுகிற வண்டி செய்வது. இதைப் பார்க்க அடியில் சுழலும் புல்லி என்கிற சக்கரத்தில் ஓர் அடையாளம் உண்டு, அதன் பக்கத்தில் அசையாத ஒரு முள். ஓடுகிற என்ஜினில் டைமிங் லைட் என்ற விளக்கைப் பிடித்தால் அடையாளம் நின்றுவிட்ட மாதிரி தெரியும். அது முள்ளுக்கு நேராக இருக்கவேண்டும்.

"டைமிங் கரெக்டாதான் கீது ஆயா," என்றாள் ஒவ்வொரு தடவையும். ஆயுத பூஜை முடிந்ததும் பட்டறையில், பொறியைத் தட்டிவிடுகிற பிளாட்டினத்தை மாற்றியவர்களும் அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் டைமிங் வைத்துக் கொடுத்தார்கள். கண்டென்சரையும் பிளக்கையும் அவளே மாற்றியிருந்தாள்.

திருத்தணி போய்ச் சேரப் பத்தரை ஆகிவிட்டது. மலைப்பாதையில் கார் ஏற்றக் கட்டணம் உண்டு, இறங்கும்வரை சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். இரண்டாவது வளைவில் வண்டி நின்றது. நான் இறங்கி டயருக்குப் பின்னால் கல் வைத்தேன். பின்னால் ஒரு வேன், உள்ளே மொட்டை போட வந்த குடும்பம், விடாமல் ஹாரன். அவர்களை முன்னால் போகவிட்டு, ரேவதி வண்டியைப் பின்பக்கமாகவே அடிவாரம்வரை இறக்கினாள். அப்படி இறக்க எத்தனை பேருக்கு வரும் என்று தெரியவில்லை. பாராட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

அடிவாரத்து டீக்கடைக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அவ்வா இத்த வச்சிகினு அவஸ்தப்படறீங்க? படி வழியா நடந்திருந்தா இந்நேரம் சாமி பாத்துட்டு எறங்கி இருப்பீங்க."

"என் முட்டிய நம்பறதுக்கு இந்த வண்டியவே நம்பலாம், நைனா," என்று அந்தப் பக்கத்துத் தெலுங்கு கலந்த பேச்சிலேயே சொல்லி ஒரு டீ வாங்கினேன்.

ரேவதி சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து மறுபடியும் விளக்கைப் பிடித்தாள். பிறகு அடியிலிருந்தே சொன்னாள்.

"வித்துடச் சொல்லு ஆயா. வெள்ளக் கோடு முள்ளு மேலயே நிக்குது. இதுக்கு மேல நான் இன்னா பண்றது?"

"எந்த வெள்ளக் கோடு?"

"புல்லி மேல பெயிண்ட்ல போட்டிருக்காங்களே. மெக்கானிக்குங்க போடறதுதான்."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சேகர் வண்டியைக் கழுவினான். விபூதி நிற்காது, உதிர்ந்துவிடும் என்று சொல்லி, வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயிண்டை எடுத்து ரேடியேட்டரில் மூன்று பட்டை போட்டான், பேட்டரியில் போட்டான், அதோடு விடாமல் அடியில் புகுந்து புல்லியிலும் போட்டான். வண்டிக்கு அடியில் யாருடா பார்க்கப் போகிறார்கள் என்று நான் கேட்டேன். "முருகன் பாப்பாரும்மா," என்றான்.

"கண்ணு, அது மெக்கானிக் போட்டது இல்ல," என்றேன். "உங்கப்பன் போட்ட பட்டை."

மூன்றில் இரண்டு எண்ணெய்ப் பிசுக்கில் மறைந்து, ஒன்று மட்டும் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. பட்டறைக்காரரும் அதை நம்பினார், இவளும் நம்பினாள். என்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, மண்ணெண்ணெய்த் துணியால் புல்லியைச் சுற்றித் துடைத்தாள். பட்டையிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, பிசுக்கு அடைத்துக் கிடந்தது, கம்பெனியில் அடையாளத்துக்குப் போட்ட அசல் வெட்டு. அதில் சாக்பீஸைத் தேய்த்தாள். பொறியைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, என்ஜினை ஓடவிட்டு, விளக்கைப் பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இறுக்கினாள். இறுக்குவதற்கு முன்பே சத்தம் மாறிவிட்டது. டீக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

மலையை இரண்டாவது கியரில் ஏறினோம். சூடு முள் பாதியிலேயே நின்றது. மேலே போய் இறங்கியபோது சந்தோஷத்தைவிடத் தூக்கம்தான் வந்தது. இலவச வரிசையில் முக்கால் மணி நேரம். நின்றபடியே ரேவதி என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள், கையெல்லாம் கிரீஸ். பக்கத்தில் நின்ற அம்மா முகம் சுளித்தாள். டிரைவர் என் பேத்திதான் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன்.

ஏறினால் மட்டும் போதாதே, இறங்கவும் வேண்டும். கீழே வந்த பிறகுதான் சேகருக்குப் போன் போட்டேன். பட்டை விஷயத்தையும் சொன்னேன்.

"நான்தான் அப்பவே சொன்னேனேம்மா," என்றான், "முருகன் பாப்பாருன்னு."

அடி செருப்பால என்றேன். சிரித்தான். இரும்புக்காரரிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வைத்தான்.

பழைய வண்டியில் போகிறவர்கள் டைமிங் பார்ப்பதற்கு முன்னால் புல்லியை முழுக்கத் துடையுங்கள். வெள்ளையாகத் தெரிவதையெல்லாம் அடையாளம் என்று நம்பாதீர்கள், வெட்டைக் கையால் தடவிப் பாருங்கள். இரண்டு குடம் தண்ணீர், ஒரு சாக்கு, டயருக்கு வைக்க நல்ல கல் எடுத்துக்கொள்ளுங்கள். மலைக்கு வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் புல்லியில் இருந்த பட்டைகளை ரேவதி சுரண்டி எடுத்துவிட்டாள். ரேடியேட்டரில் இருப்பதை மட்டும் விட்டுவைத்திருக்கிறாள். அது அவள் அப்பாவுக்காக.