சிவப்புத் துணி கட்டிய வரப்பு

என் புத்தகங்களைப் படிக்க முடியாது. பிரித்துப் பார்க்கலாம், தடவலாம், முகரலாம். வைக்கோலை ஊறவைத்து நானே காகிதம் செய்கிறேன். அதில் செடிகளை அழுத்தி ஒட்டி, வயல் மண்ணைப் பிசினில் குழைத்து வண்ணம் தீட்டி, விசிறி மடிப்பாகத் தைப்பேன். தஞ்சாவூரில் என் மாடி வீட்டுக்கு வருகிறவர்கள், "உள்ள எழுத்தே இல்லையே, இது எப்படிப் புத்தகம்?" என்று கேட்காமல் போனதில்லை. விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

அதனால்தான் அந்த ஆர்டர் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டவரை நான் நேரில் பார்த்ததில்லை. அரிய புத்தகங்கள் சேகரிப்பவர் என்று போனில் சொன்னார். குத்தாலம் பக்கம் ஒரு வரப்பை, மதகிலிருந்து கடைசி வயல் வரை, அங்கே முளைக்கும் செடிகளோடு ஒரே புத்தகமாகச் செய்து தர வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் அந்தந்த இடத்து மேல்மண்ணும், ஒரு முழம் ஆழத்து மண்ணும் பூசியிருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் போன் காட்டும் இடக்குறிப்பு எண்கள். மனுஷனுக்கு என்ன ரசனை என்று நினைத்தேன்.

பூக்காத செடியை விட்டுவைத்து, பூத்த பிறகு வந்து எடுப்பது என் வழக்கம். இடம் மறந்துபோகாமல் இருக்க மூங்கில் குச்சி நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டிவிட்டு வருவேன். அந்த வரப்பிலும் நட்டேன், நீர்முள்ளிக்கு ஒன்று, பொடுதலைக்கு ஒன்று. எரிவாயுக் குழாய் பதிக்க அளந்துவிட்டுப் போகிறவர்களும் அதே மாதிரி குச்சியைத்தான் நடுவார்கள். காவிரிப் பாசன ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது உறைக்கவே இல்லை.

அடுத்த முறை போனபோது வரப்பில் ஒரு குச்சிகூட இல்லை. எல்லாம் வயல்காரம்மாவின் காலடியில் கிடந்தன. என்னைவிட மூத்தவர். சேற்றுக் கையோடு நின்றிருந்தார்.

"வாங்க. நீங்க எந்தக் கம்பெனிங்க?"

எங்கள் பக்கம் சந்தேகம் கூடக் கூட மரியாதையும் கூடும்.

"கம்பெனியெல்லாம் இல்லக்கா. செடிகளை வச்சுப் புத்தகம் பண்றேன்."

"செடிக்குப் புத்தகம் பண்றவங்க எதுக்குங்க குழி தோண்டுறீங்க?"

கோபம் வந்தது. பையிலிருந்து பாதி முடிந்த புத்தகத்தை எடுத்து விரித்தேன். அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தார். ஆரைக்கீரைப் பக்கத்தில் முகம் கொஞ்சம் இளகியது. "அழகாத்தான் இருக்கு," என்றார். பிறகு அடியிலிருந்த எண்களில் விரலை வைத்தார்.

"இது என்னங்க?"

"செடி எடுத்த இடம். மேப்புல போட்டா இந்த வரப்பைக் காட்டும்."

"அப்ப என் வயல் எங்க இருக்கு, அடிமண்ணு எப்படி, எல்லாம் இதுல இருக்கு. எங்கப்பா இதே வயல்ல கூலிக்கு ஏர் ஓட்டினவருங்க. இப்ப இது எங்க வயல். எங்களுக்கு இருக்கறது இது ஒண்ணுதான். இதை வாங்குறவர் யாரு? நீங்க பாத்திருக்கீங்களா?"

புத்தகத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கேள்வி என்னைக் குடைந்துகொண்டே வந்தது. செடிகளின் படம் அனுப்பினால் ஆர்டர் கொடுத்தவரிடமிருந்து ஒரு கட்டைவிரல் குறி மட்டும் வரும். ஆழத்து மண்ணில் நிறம் மாறியிருக்கிறது என்று எழுதினால் உடனே போன் வரும். பூவின் நிறத்தை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இதெல்லாம் முன்பே தெரிந்ததுதான். ஆனால் ஆர்டர் வந்த மயக்கத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை. நினைக்க நினைக்க என்மேலேயே எரிச்சலாக வந்தது. ஒருவேளை நல்ல மனிதராகவே இருந்துவிட்டால் என்றும் தோன்றியது. அப்படியே இருந்தாலும், அந்த அம்மாவின் வயலைப் பணயம் வைத்துச் சோதித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எண்கள் இருந்த அடிப்பகுதியை ஒவ்வொரு மடிப்பிலும் அரிந்து எடுத்தேன். ஆழத்து மண் பூசிய பட்டைகளையும் வெட்டி வாளித் தண்ணீரில் போட்டுக் கரைத்தேன். புத்தகம் சற்றுக் குள்ளமாகிவிட்டது. ஆனால் செடி ஒன்றுக்கும் சேதமில்லை. பிறகு அவருக்குப் போன் செய்து, இடக்குறிப்பும் அடிமண்ணும் இல்லாமல்தான் தர முடியும் என்றேன்.

"அப்ப வேண்டாம்," என்றார். யோசிக்கக்கூட இல்லை.

"செடிகளையாவது ஒரு தடவை பாருங்களேன் சார்."

"எந்தச் செடி?" என்றார்.