மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கூரை: கட்டைபறிச்சான் பக்கம் ஒரு நாள்

கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை திருகோணமலையிலிருந்து கட்டைபறிச்சான் பக்கம் போய் வந்தேன். கடல் பார்க்கப் போகவில்லை. கடல் எங்கள் வீட்டுப் படலைக்கு முன்னாலேயே கிடக்கிறது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரைப் பிரித்து சிறுவர் இல்லங்களில் விடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அது நடக்காமல் பார்க்கப் போனேன். தங்கள் ஊரிலும் அயலவர்களைச் சேர்த்துப் பிள்ளைகளைப் பார்க்கும் குழு ஒன்றை நடத்துகிறவர்கள், அல்லது தொடங்க நினைப்பவர்கள், இப்படி ஒரு பயணம் போக நேரலாம். அதனால் பஸ், நேரம், செலவு எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தெரு, அதுதான் எங்கள் ஒழுங்கை. தாய்மார் வெளிநாட்டில் வேலைக்கு, தகப்பன்மார் கடலில். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கக் கூடாது என்று ஒன்பது வீட்டுக்காரர் சேர்ந்து குழு அமைத்தோம். எந்த வீட்டுக்குள் எந்தப் பிள்ளை நுழைந்தாலும் அது அந்த வீட்டுப் பிள்ளை. பதினொரு வருடம் நானே நடத்தினேன். போன வருடம் ஒரு தொண்டு நிறுவனத்தின் திட்டக்காரர்கள் வந்தார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், தகைமை போதாது என்று ஒரு இணைப்பாளரை நியமித்தார்கள். தொடக்க விழாப் படத்தில் என்னுடைய கை மட்டும் விழுந்திருக்கிறது. சரி, தகைமையை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். பிள்ளைகள் இன்னும் சாப்பிட எங்கள் குசினிக்குத்தான் வருகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை லீலாவதி தொலைபேசி எடுத்தாள். எங்கள் ஒழுங்கையில் பிறந்து அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், இப்போது கணவன் இல்லை. அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் எட்டு மாதம். புருஷன் அருள்ராசா கொட்டியாரக்குடாவில் இரவில் மீன்பிடித் தொழில் செய்பவர். பிள்ளைகளோடு இருந்த பெரியம்மா மட்டக்களப்பில் மகளிடம் போய்விட்டார். ஒரு மழை இரவில் மூன்று பிள்ளைகளும் தனியே இருந்து அழுதது வெளியே தெரிந்து, யாரோ சிறுவர் நன்னடத்தை அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டார்கள்.

“செவ்வாய்க்கிழமை அலுவலர் வாறார், மாமி. பெட்டைகள் ரெண்டும் ஒரு இல்லமாம், பெடியன் வேற இல்லமாம்.”

“நான் வாறன். அதுவரைக்கும் ஒருத்தரும் ஒண்டுக்கும் ஓம் எண்டு சொல்லக் கூடாது,” என்றேன்.

காலை ஆறரைக்கு மத்திய பஸ் நிலையத்தில் மூதூர் பஸ். கட்டணம் நூற்றுத் தொண்ணூறு ரூபாய். வலது பக்கம் இருந்தால் வெயில் குறைவு. சீனக்குடா, கிண்ணியாப் பாலம், பிறகு உப்பாற்றுப் பாலம், கங்கைப் பாலம். முன்பு இந்த இடங்களில் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் பஸ்ஸோடு ஏறி இறங்குவோம், அரை நாள் போய்விடும். இப்போது எல்லாம் பாலம். மூதூருக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர், எட்டு மணிக்கு இறங்கிவிட்டேன். சந்தியில் இடியப்பமும் சொதியும் நன்றாக இருந்தன. தேநீருக்குச் சீனி குறைக்கச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் சீனிப்பாணிதான்.

அங்கிருந்து ஆறு கிலோமீற்றர் ஆட்டோ, அறுநூறு ரூபாய். ஓட்டியவர் பெயர் நளீம். இடத்தைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

“அந்தப் பிள்ளைகள்ற ஊடா? எங்கட ஊடும் அந்த ஒழுங்கை வாசல்லதான். நேத்தும் எங்கட ஊட்டால கோழிக்கறி குடுத்த. நாங்க பாக்காம இல்ல, அம்மா.”

“பாத்தால் ஏன் அலுவலர் வாறார்?”

அவர் முன்னே திரும்பி ஆட்டோவை விரட்டினார். இறங்கும்போது காசு வாங்கவில்லை. பின்சீற்றில் வைத்துவிட்டு வந்தேன். எனக்கும் பிடிவாதம் இருக்கிறது.

வீட்டுக்குள் போனதும் நேரே குசினியைப் பார்த்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பார்க்கும் இடம் அது. ஆறு சட்டிகள் இருந்தன. ஆறும் வெவ்வேறு வீட்டுச் சட்டிகள். பருப்பு மூன்று விதம், நேற்றைய கோழிக்கறி, புளித்துப்போன சோறு இரண்டு சட்டி. மூத்தவள் தர்சினிக்குப் பன்னிரண்டு வயது. சட்டிகளைக் கழுவிக் கழுவிக் கை ஊறிப்போயிருந்தது.

“இவ்வளவும் ஆர் சாப்பிடுறது?”

“ஒழுங்கை நாய்தான், மாமி,” என்றாள். “சோறு காணும், இனி வேண்டாம். ராவில ஆராவது வந்து படுத்தாப் போதும்.”

வாசலில் நின்ற லீலாவதிக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்கட வீட்டில வந்து படுங்க எண்டு எத்தினை தரம் கேட்டனான்!”

“அம்மா ராவிலதான் வீடியோ கோல் எடுக்கிறவ. நாங்க வீட்டில இல்லாட்டி அழுவா,” என்றாள் தர்சினி. தம்பியைப் பற்றி இன்னொரு காரணமும் என் காதில் சொன்னாள். அதை நான் பிறகு நடந்த கூட்டத்தில் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை.

பத்து மணிக்கு அலுவலர் ஜீப்பில் வந்தார். இளம் ஆள், மரியாதையானவர். அவரையும் கூடிவந்த ஒழுங்கைச் சனத்தையும் அந்த வீட்டுக்குள்ளேயே இருத்தினேன். அருள்ராசா கடலிலிருந்து வந்தபடியே, கட்டிய சாரத்தைக்கூட மாற்றாமல் மூலையில் இருந்தார். அயலவர்கள் அவர் இல்லாததுபோலவே கதைத்தார்கள். “அவர் தொழிலை விட்டிட்டு ராவில வீட்டில நிக்கட்டும்,” என்று ஒருவர் சொன்னதும் தலையை நிமிர்த்தினார்.

“நிக்கிறன். விடிய என்னத்தைத் திங்கிறது?”

அலுவலர் என்னிடம் திரும்பினார். “நீங்க யாரம்மா?”

“அயல். கொஞ்சம் தூரத்து அயல்,” என்றேன். “தம்பி, பிள்ளைகளைப் பிரிக்கிறது சட்டத்தில முதல் வழியா, கடைசி வழியா?”

“கடைசி வழிதான்.”

“அப்ப முதல் வழியைக் காட்டுங்க. இந்த வீட்டுக்கு அது வந்த மாதிரித் தெரியேல்ல.”

அவர் பதில் சொல்வதற்குள் தர்சினியைக் கூப்பிட்டேன். சோறு வேண்டாம், இரவுக்கு ஆள் வேண்டும் என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னாள். சட்டிகளின் கதையும் வெளியே வந்தது.

“என்ட மனிசிட கறி நாய்க்கா போன?” என்றார் ஆட்டோவை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வந்திருந்த நளீம்.

“நாய்க்காவது ருசி தெரிஞ்சிரிக்கி,” என்றார் பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி பரீதா.

சிரித்தோம். ஆனால் எனக்குச் சிரிப்புக்கு அடியில் எரிச்சல்தான். சோறு கொடுப்பது கண்ணுக்குத் தெரிகிற உதவி, அதனால் ஆறு வீடும் அதையே கொடுத்தது. இரவு யாருக்கும் தெரியாது, அதனால் ஒரு வீடும் எடுக்கவில்லை. இதை நான் நேரே முகத்துக்குச் சொன்னேன். இரண்டு பேர் எழுந்து போனார்கள். போகட்டும்.

லீலாவதி நான்கு இரவுகளுக்கு வந்து படுப்பதாகச் சொன்னாள். பிறகு பரீதா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, “ரெண்டு ராவுக்கு நான் வாறன்,” என்றார்.

“அப்ப நான் தனியப் படுக்கிறதா?” என்று நளீம் கேட்டார்.

“பயமெண்டாச் சொல்லுங்க, இந்தப் பிள்ளைகள்ல ஒண்ட துணைக்கு அனுப்புறன்.”

இந்த முறை அலுவலரும் சிரித்துவிட்டார். மிச்சம் ஓர் இரவு, அன்றைக்குத் தான் கடலுக்குப் போவதில்லை என்றார் அருள்ராசா. பகல் சோற்றை இரண்டு வீடுகள் மட்டும் கொடுப்பது, மற்ற வீடுகள் பள்ளிக்கூடம் கூட்டிப்போவது, மருந்துக்குக் கொண்டுபோவது என்று பிரித்தோம்.

“இதுக்குப் பொறுப்பு யார்? நீங்களா?” என்று அலுவலர் என்னைக் கேட்டார்.

பதினொரு வருடம் நடத்தியவளுக்கு அந்தக் கேள்வி இனிக்கும். ஆனாலும், “நான் இல்லை,” என்றேன். “ராவில இந்தக் கதவைத் தட்டினா நான் நாற்பது கிலோமீற்றர் தாண்டி வர ஏலாது. லீலாவதி.”

“நானா? பத்தாம் வகுப்பு பெயில் விட்டனான், மாமி!”

“நான் அவ்வளவு தூரமே போகேல்ல.”

அலுவலர் தகைமை பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மூன்று மாதம் பார்ப்போம், பிறகு திரும்ப வந்து முடிவெடுப்பேன் என்றார். ஜீப் வெறுமையாகத் திரும்பிப் போனது. அருள்ராசா என்னை மூதூர் வரை தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து, பஸ் புறப்படும்வரை வெயிலில் நின்றார்.

போக நினைப்பவர்களுக்குச் சில சொல்கிறேன். முதல் பஸ்ஸில் போங்கள். பின்னேரம் மூதூரிலிருந்து திரும்பும் பஸ்கள் நிறைந்துதான் வரும், நான் கிண்ணியாவரை நின்றுகொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்டம் வைக்காதீர்கள், பாதிப் பேர் பள்ளிவாசலில் இருப்பார்கள். மண்டபத்தில் வைக்காதீர்கள், மண்டபத்தில் எல்லோரும் நல்லவர்களாகக் கதைப்பார்கள். அந்தக் குடும்பத்தின் வீட்டிலேயே வையுங்கள். உதவியைக் கொண்டுபோவதற்கு முன்னால் பிள்ளையிடம் கேளுங்கள். பிள்ளை சொன்னதில் எதைச் சபையில் சொல்லலாம் என்பதையும் அதனிடமே கேளுங்கள். வெளியிலிருந்து போன நீங்கள் தலைமையைக் கையில் எடுக்காதீர்கள், உங்களுக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும். குறுக்கே பேச மட்டும் வெட்கப்படாதீர்கள். மரியாதையாகப் பேசினால் அலுவலரும் மனிதர்தான்.

நான் ஒன்றையும் வென்றுவிட்டேன் என்று எழுதவில்லை. மூன்று மாதம்தான் கிடைத்திருக்கிறது. முறைப்பாடு இன்னும் மூடப்படவில்லை. மழைக்காலத்தில் யாராவது ஓர் இரவு வராமல் விட்டால் போதும், ஜீப் மறுபடி வரும். அதனால் வாசிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். மீளாய்வுக்கு அலுவலர் வரும் திகதியை லீலாவதி சொன்னதும் இந்தப் பக்கத்திலேயே எழுதுவேன். குழு நடத்துகிறவர்கள், நடத்தியவர்கள், என்னைப்போல் படத்திலிருந்து வெட்டப்பட்டவர்கள் எல்லோரும் அன்றைக்கு வாருங்கள். அந்த வீடு சின்னது, உள்ளே இடம் போதாது. ஒழுங்கை நிறைய நிற்போம். பிள்ளைகளைக் கூட்டிப் போக வருகிற ஜீப் அதற்குள்ளால் எப்படிப் போகிறது என்று பார்ப்போம்.