இரவல் வாங்கிய கப்பல்

ரங்கூனிலிருந்து மதராஸுக்கு வந்த புதிதில் என் அம்மா வாங்கிய முதல் திட்டு, அரிசி கழுவிய தண்ணீருக்காக. மயிலாப்பூரில் நாங்கள் இருந்த ஒண்டுக்குடித்தனத்தின் சலதாரையில் அதை வழக்கம்போல ஊற்றினாள். வாசலில் நின்ற பால்காரம்மாள், "இன்னாம்மா, மாட்டுக்கு வெக்கிற கழனித்தண்ணிய சலதாரைல ஊத்திக்கினு கீறே?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். நம் வீட்டுத் தண்ணீருக்கு இவள் எப்படி உரிமை கொண்டாடுகிறாள் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. அவளுடைய பேச்சும் பாதி புரியவில்லை. அன்றிலிருந்து அம்மா தனியாக வாசலைத் தாண்டுவதை நிறுத்திவிட்டாள். தெருமுனைக் கடைக்குக்கூட நான்தான் போய்வந்தேன்.

ரங்கூனில் இன்னும் இருப்பவர்களுக்கும், என்னோடு கப்பலில் வந்தவர்களுக்கும் நம் மாடிவீடுகளின் பின்பக்கச் சந்து மறந்திருக்காது. வேண்டாதது எல்லாம் பின்ஜன்னல் வழியாகப் போகும். எங்கே விழுந்தது என்று எட்டிக்கூடப் பார்க்கமாட்டோம். அப்பாவின் கடையைப் பர்மா அரசாங்கம் எடுத்துக்கொண்டு, நாங்கள் டிரங்குப் பெட்டியோடு துறைமுகத்தில் நின்றபோது, நாமும் அந்த ஜன்னல் வழியாக விழுந்தவர்கள்தான் என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன.

வேண்டாததை எறிந்தே பழகிய அந்தப் புத்தியோடுதான் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கைவேலை டீச்சராகச் சேர்ந்தேன். தற்காலிக வேலை. ஆண்டுவிழாக் கண்காட்சியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என்ன செய்து வைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்வதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அப்போது வேலை கிடைக்கவில்லை. வீட்டில் அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில்தான்.

"வீட்டில் வேண்டாம் என்று தூக்கிப் போடுவதைக் கொண்டுவாருங்கள். அதை வைத்தே அழகாக ஏதாவது செய்வோம்" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். மறுநாள் வகுப்பு முழுக்க வெறுங்கையோடு வந்திருந்தது. முதல் பெஞ்சு வசந்தா எழுந்து, "எங்காத்துல வேண்டாததுன்னு எதுவுமே கிடையாதாம் டீச்சர். அம்மா சொல்லச் சொன்னா" என்றாள். சாயங்காலம் அந்த அம்மாளே வந்தார். "கொட்டாங்கச்சி வெந்நீர் அடுப்புக்கு வேணும். பேப்பர் கடைக்குப் போகணும். காலி டப்பாவுலெல்லாம் பருப்பு போட்டு வெச்சிருக்கேன். கிழிஞ்ச புடவைக்குப் பாத்திரக்காரி வருவா. இதுல எதை வேண்டாம்னு குடுக்கறது, நீங்களே சொல்லுங்கோ." அவர் கோபமாகக் கேட்கவில்லை.

சரி, யாருக்கும் சொந்தமில்லாத குப்பை பள்ளிக்கூடத்து வாதா மரத்தடியில் இருக்கிறதே என்று உதிர்ந்த இலைகளைப் பொறுக்கக் குனிந்தேன். பெருக்கிக்கொண்டிருந்த ஆயா முனியம்மா துடைப்பத்தோடு ஓடிவந்தாள். "அத்த எடுக்காத டீச்சர். எங்கூட்டு அடுப்புக்கு அதான் கீது." எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த ஊரில் உதிர்ந்த இலைக்குக்கூட ஒரு வீடு இருந்தது. கண்காட்சிக்கோ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் இரவலாகக் கேட்டேன். கண்காட்சி முடிந்ததும் அப்படியே திருப்பித் தருவதாக முனியம்மாவிடமும் தாய்மார்களிடமும் வாக்குக் கொடுத்தேன். பொருள்கள் வந்து குவிந்தன. மைதா பசை காய்ச்சிக் கிண்ணத்தில் வைத்தபோது வசந்தா கேட்டாள்: "ஒட்டிட்டா அம்மாட்ட எப்படித் திருப்பிக் குடுக்கறது டீச்சர்?" நியாயமான கேள்வி. பசை, ஆணி, கத்தரி மூன்றுக்கும் அன்றே தடை போட்டேன். அடுக்கலாம், மடிக்கலாம், வாழைநாரால் கட்டலாம், அவ்வளவுதான். கொட்டாங்கச்சிகள் கவிழ்ந்து ஆமைகளாயின. பேப்பர் மடிந்து கொக்குகளாயிற்று. வாதா இலைகளை ஈர்க்குச்சியால் கோத்து மயிலுக்குத் தோகை வைத்தோம். பருப்பு டப்பாக்களை வைத்து ஒரு கப்பல். நான் வந்த கப்பலைப் பற்றிச் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் தளம் தளமாக அடுக்கினார்கள். புகைபோக்கிக்கு மட்டும் உயரமான டப்பா கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுத் தேயிலை டின்னை எடுத்துவந்தேன். ரங்கூனிலிருந்து அம்மா மடியில் வைத்துக்கொண்டு வந்த டின் அது. மூடியில் பர்மிய எழுத்து இருக்கும். இங்கே வந்ததும் அதில் புளி போட்டு வைத்திருந்தாள். புளியை முறத்தில் கொட்டிவிட்டு டின்னை எடுத்துப் போனேன்.

தலைமையாசிரியைக்குக் கப்பல் பிடித்துவிட்டது. "விழா முடிஞ்சதும் இத என் ரூம் கண்ணாடி அலமாரில வெச்சிடுங்க. வர்றவங்க பாக்கட்டும்" என்றார். இரவல் பொருள் என்று நான் இழுத்தேன். "அப்ப உங்க வேலைன்னு நான் எதைக் காட்டறது?" என்று கேட்டார். ஆனாலும் கொடுத்த வாக்கை மாற்ற மனம் வரவில்லை.

கண்காட்சி முடிந்த சாயங்காலம், வழக்கமாக வாசல் கேட்டோடு திரும்பிவிடும் தாய்மார்கள் எல்லாம் உள்ளே வந்து வரிசையில் நின்றார்கள். "இது எங்க டப்பா", "அது எங்க கொட்டாங்கச்சி" என்று சிரித்துப் பேசிக்கொண்டே, பிள்ளைகள் செய்ததை நின்று பார்த்துவிட்டுத்தான் பிரித்தார்கள். கப்பல் தளம் தளமாகக் குறைந்தது. தலைமையாசிரியை கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி இருந்தார். வரிசையின் கடைசியில் நின்றவளைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். என் அம்மா. மயிலாப்பூரிலிருந்து தனியாக, வழி கேட்டுக் கேட்டு நடந்து வந்திருக்கிறாள்.

"புளி முறத்துல கெடக்கு. எறும்பு வந்திரும். டின்னக் குடு" என்றாள்.

முன்னால் நின்ற வசந்தாவின் அம்மா திரும்பினார். "நீங்களும் டப்பாவுக்குத்தான் வந்தேளா?"

"ஆமாங்க. வேற டப்பா இல்ல வீட்டுல."

மேஜை காலியானது. முனியம்மா மயில்தோகையைக் கோணியில் போட்டுக்கொண்டாள். தலைமையாசிரியை அருகே வந்து, "என் அலமாரிக்குத்தான் ஒண்ணும் மிஞ்சல. ஆனா கேட்டத் தாண்டாத அம்மாக்கள் எல்லாம் உள்ள வந்து பாத்துட்டாங்க. திங்கக்கெழம வந்து வேலை ஆர்டர் வாங்கிக்கோங்க" என்றார்.

அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல நான் வாசல் கேட்டுக்கு ஓடியபோது அம்மா பாதித் தெரு போய்விட்டாள். பக்கத்தில் வசந்தாவின் அம்மா, கொட்டாங்கச்சிப் பையோடு ஏதோ சொல்லிக்கொண்டு கூடவே போனார். அம்மாவின் இடுப்பில் அந்த டின், பர்மிய எழுத்து வெளியே தெரியும்படி இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் நாங்கள் இருவர்தான். அம்மா டின்னை இடுப்போடு அணைத்துக்கொண்டு, புளிக்கு எறும்பு வருமுன் வீடு சேர வேகமாக நடந்தாள்.