ஒற்றைச் சக்கரத்துக்கு ஓர் எலுமிச்சம்பழம்

போன ஞாயிறு சாயங்காலம், விழுப்புரம் நான்குமுனைச் சந்திப்பில், என் கணவர் விழப்போகிறார் என்று முடிவே செய்துவிட்டேன். அந்தச் சில நொடிகளின் கதையை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

கணவர் பாஸ்கர், நான் எழுதும் இந்தப் பத்தியில் அடிக்கடி அடிபடுபவர்தான். வீடு விழுப்புரம், வேலை திண்டிவனம், தினமும் ரயில். இரண்டு ஊரிலும் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவுக்கு நின்று நின்று அலுத்துப்போனார். பாண்டிச்சேரியில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெளிநாட்டுக்காரரிடமிருந்து எலெக்ட்ரிக் யூனிசைக்கிள் ஒன்றை வாங்கிவந்துவிட்டார்.

ஒரே ஒரு சக்கரம். பக்கத்துக்கு ஒரு மிதி. அதில் ஏறி நின்றுகொண்டே போகவேண்டும். கைப்பிடி கிடையாது. முன்னால் சாய்ந்தால் ஓடும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். ரயிலில் சூட்கேஸ் மாதிரி தூக்கிக்கொண்டு ஏறிவிடலாம். சௌகரியம்தான்...

ஆனால் ஒரு சமாச்சாரம் இருக்கிறது. ஆளை நிமிர்த்திப் பிடித்திருப்பதே உள்ளே இருக்கும் மோட்டார்தான். ஓடும்போது பேட்டரி கட் ஆனால், ஸ்கூட்டர் மாதிரி உருண்டு போய் மெதுவாக நிற்காது. அந்த நொடியே முகம் குப்புறத் தள்ளிவிடும். இது தெரிந்த நாளிலிருந்து, அவர் வீடு வந்து சேரும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடுவதில்லை.

லைட் போடச் சொன்னது நான்தான். இருட்டினால் பின்னால் வருகிற பஸ்காரருக்கு இவர் தெரியவேண்டாமா? முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று — அவ்வளவுதான் கேட்டேன். நம் பக்கத்தில் யார் ஒரு லைட்டோடு நிறுத்தியிருக்கிறார்கள்? உடம்பெல்லாம் கலர் லைட்டோடு போகும் கரும்பு டிராக்டரைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? இவரும் பிரேக் லைட், இண்டிகேட்டர், அதை அமுக்கக் கையடக்க ரிமோட், சக்கரத்துக்கு மேலே நீல ஸ்ட்ரிப் என்று பை நிறைய வாங்கிவந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பிவிட்டார்.

மூடியைக் கழற்றினார். பேட்டரியிலிருந்து வயர் எடுத்தார். வோல்டேஜைக் குறைக்க ஒரு கன்வர்ட்டர். நீல ஸ்ட்ரிப்புக்காக அடியில் டிரில்லரால் ஓர் ஓட்டை. நான் பக்கத்திலேயே பூரிக்கட்டையோடு நின்றேன் — ஷாக் அடித்தால் தட்டிவிட. சிரிக்காதீர்கள், அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஃபியூஸ் எங்கங்க?”

“இன்னிக்குக் கடை லீவு. அடுத்த வாரம் திண்டிவனத்துல வாங்கிக்கினு வந்து போட்டுக்கலாம்.”

“அதுவரைக்கும்?”

“ஒண்ணும் ஆவாது. நீ சும்மா பயந்துக்கினு நிக்காத.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லைட் வயரில் ஷார்ட் ஆனால், ஃபியூஸ் இருந்தால் லைட்டோடு போகும். இல்லாவிட்டால் பேட்டரியே கட் ஆகிவிடலாம், ஆள் ரோட்டில். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்!

வாசலுக்குப் போனேன். என் ஸ்கூட்டியின் ஃபியூஸ் பெட்டியில் சும்மா கிடந்த ஸ்பேர் ஃபியூஸைப் பிடுங்கிவந்து மேஜையில் போட்டேன்.

“இத மாட்டாம வாசப்படி தாண்டினீங்கன்னா, திரும்பி வந்து கதவத் தட்டாதீங்க.”

முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார்.

மூடியை முடுக்கி வெளியே கொண்டுவந்தால், எதிர்வீட்டு ஆட்டோ செல்வம் வழிமறித்தார். “அண்ணே, இவ்ளோ வேலை பண்ணிட்டு பூசை போடாம எடுத்துக்கினு போவாதீங்க. ரோடு பூரா லாரி.” அவரே எலுமிச்சம்பழம் எடுத்துவந்தார். காருக்கு நாலு, பைக்குக்கு இரண்டு. இதற்கு? தெருவே கூடி விவாதித்து, ஒன்று போதும் என்று தீர்ப்பானது.

சந்தனம், குங்குமம், கற்பூரம் எல்லாம் ஆயிற்று. இவர் ஏறி நின்று முன்னால் சாய்ந்தார். பழம் நசுங்கி, சாறு பீச்சியடித்தது. எல்லோரும் கைதட்டினோம். சாறு எங்கே பீச்சியது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

ஸ்டேஷன் வரை ஒரு ரவுண்டு என்றார். நான் ஸ்கூட்டியில் பின்தொடர்ந்தேன். பொழுது சாய்ந்து, கடைகளில் விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள். லைட்டெல்லாம் ஜெகஜோதியாகத்தான் இருந்தது. கொஞ்ச தூரத்தில் நீல ஸ்ட்ரிப் கண்சிமிட்டியது. நின்றது. மறுபடி சிமிட்டியது. ஹார்ன் அடித்தேன். திரும்பிப் பார்க்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார் — பாராட்டுகிறேன் என்று நினைப்பு!

சந்திப்பு வந்தது. வலது பக்கம் திரும்பவேண்டும். என் முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ். அந்த இடத்தில் நீலம் போயிற்று, சிவப்பு போயிற்று, எல்லாமே போயிற்று.

இதோ விழப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ லைட் செத்ததே தெரியாமல், கையிலிருந்த ரிமோட்டில் இண்டிகேட்டரை அமுக்கிவிட்ட தைரியத்தில் வலது பக்கம் சாய்கிறார். பஸ்காரருக்கு எந்த இண்டிகேட்டர் தெரியும்? என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் ஸ்கூட்டியைப் பஸ்ஸுக்கும் அவருக்கும் நடுவில் விட்டேன்.

பிரேக் கிறீச்சிட்டது. “யம்மா, வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?” என்று டிரைவர் தலையை நீட்டினார்.

பாஸ்கர் விழவில்லை. சக்கரம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஓரங்கட்டச் சொல்லி, சக்கரத்தை ஸ்கூட்டியில் முன்னால் வைத்து, அவரைப் பின்னால் உட்காரவைத்து வீட்டுக்கு வந்தேன். மூடியைத் திறந்தால், ஸ்ட்ரிப்புக்குப் போட்ட ஓட்டை வழியாக எலுமிச்சைச் சாறும் சதையும் உள்ளே போய் வயர் முனையில் அப்பியிருந்தன. முனை கறுத்து, ஃபியூஸ் எரிந்து போயிருந்தது. அதை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் நான் அழுதேன்.

செல்வம் எட்டிப் பார்த்தார். “பாத்தீங்களாக்கா, பழம் வெச்சதாலதான் அண்ணன் தப்பிச்சாரு.”

அவரை என்ன சொல்ல? எலுமிச்சம்பழம் வைக்காமல் நாம் வண்டியை நகர்த்தமாட்டோம். ஃபியூஸுக்குத்தான் அடுத்த வாரம்.

எரிந்த ஃபியூஸைச் சாமி அலமாரியில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்துக் குங்குமம் வைத்தேன். பாஸ்கர் தினமும் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் ரயிலுக்குக் கிளம்புகிறார்.

சரி, என் ஸ்கூட்டிக்கு ஸ்பேர் ஃபியூஸ் எங்கே என்று நேற்று கேட்டேன்.

“அடுத்த வாரம் திண்டிவனத்துல வாங்கிக்கினு வர்றேன்” என்கிறார்.