ராஜையன் கிணற்றுக்குக் காற்றடித்த கதை

நெய்யூர்ப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் இருபத்தேழு வருடம் டயர்களுக்குக் காற்றடித்தவர் ராஜையன். ஊரில் ஓடுகிற பாதி வண்டிகள் அவர் கொடுத்த காற்றில்தான் ஓடின என்றால் மறுக்க ஆளில்லை. ஓய்வுக்குப் பிறகு பூமிக்கே காற்றடிக்கிற வேலை அவரைத் தேடி வந்தது.

பங்கின் நிலத்தடித் தொட்டி கசிந்து, பின்னாலிருந்த அவர் வீட்டுக் கிணற்றில் பெட்ரோல் இறங்கியிருந்தது. மனைவி நேசபாய் ஒருநாள் காலையில் கோரிய வாளியை அப்படியே கவிழ்த்தாள். "நாத்தம் போன அன்னைக்கு வாறேன்" என்று மயிலாடியில் தங்கை வீட்டுக்குப் போனவள், இரண்டு வருடமாகத் திரும்பவில்லை.

சுத்தம் செய்ய வந்த பொறியாளர் ஜாஸ்மி, கிணற்றைச் சுற்றிலும் நீர்மட்டத்துக்குக் கீழே போகும்படி குழாய்களை இறக்கினாள். கம்ப்ரசர் காற்றை அடியில் தள்ளும். குமிழிகள் ஏறி வரும்போது பெட்ரோலை ஆவியாகக் கூட்டி வரும். வேறொரு குழாய் அந்த ஆவியை உறிஞ்சிக் கரித்தொட்டிக்குள் விடும்; கரி அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

"இதப் பாத்துக்க ஒரு ஆள் வேணும் அங்கிள்."

"காத்து வெசயம்லா மக்ளே. நமக்க தொழிலாக்கும்."

பிற்பகலில் தென்னை நிழலில் கம்ப்ரசரின் முனகலுக்கு அவருக்குக் கண் செருகும். உடனே அடியிலுள்ளதெல்லாம் தெரிய ஆரம்பிக்கும். குமிழிகள் ஈர மணலின் சந்துபொந்தெல்லாம் புகுந்து, ஒவ்வொரு மணலாகக் கதவு தட்டி, "பெட்ரோல் உண்டா? ஏறு ஏறு" என்று மினிபஸ்காரன் மாதிரி ஆள் பிடிக்கும். ராஜையன் தண்ணீருக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார், மூச்சு முட்டாது. தலைக்கு மேலே கிணற்று வாய் ஒரு நீலத் தட்டு. அதன் விளிம்பில் நேசபாய் முகம் எட்டிப் பார்க்கும். ஏதோ சொல்ல வாயெடுப்பாள், கம்ப்ரசர் தும்மும், முழிப்பு வந்துவிடும். இதற்கு மாதாமாதம் சம்பளமும் வந்தது.

பதினான்கு மாதம் ஓடியது. அப்புறம் கம்ப்ரசரை நிறுத்தி, இரண்டு மாதம் சும்மா விட்டு, பெட்ரோல் மறுபடி தலைகாட்டுகிறதா என்று தண்ணீரைச் சோதித்தார்கள். இல்லை என்று காகிதம் வந்தது. ராஜையன் அதைப் போனில் முழுசாக வாசித்துக் காட்டினார்.

"காயிதத்துக்கு மூக்கு உண்டா?" என்றாள் நேசபாய். "கெணத்து வெள்ளத்தக் கொண்டு வாங்க."

ஒரு கேனில் தண்ணீர் பிடித்துக் கொண்டுபோனார். நாகர்கோவிலில் பஸ் மாறும்போது கண்டக்டர் வழி மறித்தார்.

"ஓய், பெட்ரோலும் கொண்டு எங்க ஏறுதீரு?"

"குடிக்குத வெள்ளம் ஓய்!"

ஆள் முகத்தைப் பார்த்து இரங்கிக் கடைசி சீட்டைக் கொடுத்தார் கண்டக்டர். பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. பதினான்கு மாதக் காற்றும் வீணா என்று கேனை மடியில் கட்டிக்கொண்டே போனார் ராஜையன்.

மயிலாடியில் நேசபாய் மூடியைத் திறந்தாள். இரண்டடி பின்னால் போனாள். அப்புறம் கேனை உற்றுப் பார்த்தாள்.

"வழியில வண்டி நின்னவனுக்கு பங்குல பெட்ரோல் குடுத்து விடுத கேன்லா இது?"

"ஏழு தடவ சோப்புப் போட்டேன்."

"கழுவிட்டு மோந்து பாத்தியளா?"

ராஜையன் எதிரே சிற்பப் பட்டறையில் பாதி செதுக்கியிருந்த கல் யானையைப் பார்த்தார்.

"கண்ண மூடுங்க" என்று உள்ளே போய் எதையோ எடுத்துவந்து மூக்கடியில் நீட்டினாள். "என்ன இது?"

நன்றாக இழுத்துப் பார்த்தார். "பிச்சிப்பூ."

கண்ணைத் திறந்தால் நெத்திலிக் கருவாடு.

"மூக்கு எப்பப் போச்சு?"

"பங்குல சேந்த ரெண்டாம் வருசம்."

"அப்போ எனக்க மீன்கொழம்பு தெரு முக்குலயே மணக்குன்னு இத்தன காலமா சொன்னது?"

"அது ஒனக்க மொகத்தப் பாத்துச் சொன்னது."

நேசபாய் உள்ளே போனாள். வெளியே வரும்போது கையில் துணிப்பை இருந்தது.

"கேஸு கசிஞ்சாக்கூட தெரியாத மனுசன், ரெண்டு வருசம் தனியா அடுப்புப் பத்த வச்சிருக்கிய. நடங்க."

வீட்டுக்கு வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி கோரினாள். குனிந்து மோந்தாள். கண்ணை மூடி இன்னொரு தடவை மோந்தாள். உள்ளங்கையில் அள்ளிக் குடித்தாள். ராஜையன் கம்ப்ரசர் இருந்த இடத்தில் அசையாமல் நின்றார்.

"உப்பு கொஞ்சம் கூடுதல்" என்றாள். "குளச்சல் சாளை மீனு வந்திருக்கும், போய் வாங்கிட்டு வாங்க. மோந்து பாக்கியதுபோல நடிக்காண்டாம். செவுளத் தூக்கிப் பாருங்க."