எங்கள் வாசலில் மட்டும் வெடிக்காத வெடி

வெளியே சம்பா கதிர் வாங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் மாமனாருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நுரையீரலில் புற்று. மூக்கில் ஆக்சிஜன் குழாய், விரல் நுனியில் மாட்டிய சின்னக் கருவி. அதில் ஆக்சிஜன் அளவு காட்டும் எண் இறங்கினால் அவர் பதறுவார். பதறினால் எண் இன்னும் இறங்கும். "பதறவிடாதீங்க, அது ஒண்ணுதான் இப்ப உங்க கையில இருக்கு" என்று வலங்கைமானிலிருந்து வாராவாரம் வரும் நர்ஸ் சொல்லியிருந்தார்.

மாமா அமைதிப்படையோடு இலங்கைக்குப் போய்வந்தவர். அங்கே நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. தீபாவளி வந்தால் மட்டும் வயல் நடுவே மோட்டார் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். இப்போது கட்டிலை விட்டே எழ முடியாது. இந்த நிலையில்தான் மூன்றாம் வீட்டில் சாவு.

எங்கள் பக்கம் பாடை தெருவைத் தாண்டும்வரை வெடி போடுவார்கள். போடாவிட்டால் நாதியற்றவர் போகிற மாதிரி. துக்க வீட்டில் போய்க் கேட்கிற விஷயமா இது? எங்கள் வாசலில் மட்டும் வெடி வேண்டாம் என்று கேட்டேன். இறந்தவரின் மகன் பதில் சொல்லுமுன் வெடிக்காரர் முந்திக்கொண்டார்.

"மிலிட்டரிக்காரருக்கே வெடின்னா பயமாக்கா?"

"நீ சும்மா இருய்யா," என்றார் மகன். "உங்க வாசல்ல போட மாட்டோம்க்கா. ரெண்டு வீடு தாண்டித்தான் அடுத்தது. போங்க, மாமாவைப் பாருங்க."

ஜன்னல்களைச் சாத்தினேன், டிவியை அலறவிட்டேன். மாமாவிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவார் என்று நினைத்தேன்.

மூன்று மணிக்குப் பறை எழுந்தது. முதல் வெடி. தொண்ணூற்று மூன்று. இரண்டாவது வெடி. தொண்ணூற்று ஒன்று. கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்தபடி தாக்குப்பிடித்தார். ஊர்வலம் எங்கள் வாசலுக்கு வந்தது. சொன்னபடி வெடி நின்றது. எங்களுக்காகப் பறையையும் நிறுத்திவிட்டார்கள்.

டிவி அலறியும் தெரு அடங்கியது மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அமைதியில்தான் அவர் குழாயைப் பிடுங்கி எறிந்தார்.

"ஏன் நின்னுபோச்சு? கிட்ட வந்துட்டானுங்க! படு, கீழ படு!"

"மாமா, சாவு ஊர்வலம் மாமா. நாந்தான் வெடிய நிறுத்தச் சொன்னேன்."

"சத்தம் இருந்தாத்தானே எங்க இருக்கானுங்கன்னு தெரியும்!"

எண்பத்து நான்கு. குழாயை அவர் மூக்கில் திரும்பப் பொருத்தினேன், எண் ஏறவில்லை. எண்பத்து ஒன்று. ஜன்னலைத் திறந்து கத்தினேன்: "போடுங்க! இப்பவே போடுங்க!"

தெரு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. மகன் வெடிக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார்.

"மாமா, வேப்பமரத்தடியில பத்தவைக்கிறாரு. ஒண்ணே ஒண்ணு. இப்ப."

வெடித்தது. மாமாவின் தோள் குலுங்கி நின்றது.

"அடுத்தது எங்க?"

"தெருக்கொழாயடியில. குனியிறாரு. இப்ப."

இப்படியே ஒவ்வொரு வெடியாகச் சொல்லிச் சொல்லி ஊர்வலத்தை வாய்க்கால் பாலம் வரை அனுப்பினேன். எண்பத்து ஏழு. எண்பத்து ஒன்பது. என் சேலை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் டிவியை நிறுத்தச் சொன்னார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்லம்மா?"

"பயப்படுவீங்கன்னு..."

"தெரிஞ்சா தாங்கிக்குவேன்." மூச்சு வரக் காத்திருந்து கேட்டார். "போன வாரம் டாக்டர் உன்ன மட்டும் வெளிய கூப்பிட்டாரே. என்ன சொன்னாரு?"

நாற்காலியைக் கட்டிலோடு சேர்த்துப் போட்டேன். அவர் விரல் நுனியில் எரிந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினேன்.